மேலே தொகுதி, கீழே பகுதி: செய்தியில் வரும் எண்ணைப் படிக்கும் முறை

2023இல் மலேசியாவில் டிங்கிச் சம்பவங்கள் 86 விழுக்காடு கூடின. 2022இல் 66,102 சம்பவங்கள், அடுத்த ஆண்டு 123,133. கைப்பேசியில் வகுத்துப் பாருங்கள், கணக்குச் சரியாகவே வரும். இப்போது இதையும் பாருங்கள்: 2023இன் டிங்கிச் சம்பவங்கள் 2019ஐவிட 5 விழுக்காடு குறைவு. 2019இல் பதிவானவை 130,101. இந்தக் கணக்கும் சரிதான்.

ஒரே 123,133தான். ஒரு தலைப்பில் வயிற்றைக் கலக்குகிறது, இன்னொன்றில் பெருமூச்சு விட வைக்கிறது. இடையில் என்ன நடந்தது? 2021இல் எண்ணிக்கை 26,365க்கு இறங்கிவிட்டது. நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த ஆண்டு அது. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வரும்போது 2022 ஒரு நடுப்படி. நடுப்படியில் நின்று அளந்தால் ஏற்றம் செங்குத்தாகத் தெரியும். 2019இன் மேட்டில் நின்று பார்த்தால் ஏறத்தாழ சமதரை. பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டிய வேலை இரண்டிலும் மாறாது. ஆனால் "இப்படி என்றைக்குமே இருந்ததில்லை" என்று யாராவது சொன்னால், ஐந்து ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல முடியும்.

தமிழ்ப்பள்ளியில் பின்னம் படித்தது நினைவிருக்கும். மேலே எழுதுவது தொகுதி, கீழே எழுதுவது பகுதி. செய்தியில் பெரும்பாலும் தொகுதி மட்டும்தான் அச்சாகும். பகுதி விட்டுப்போகும். எதில் எத்தனை, எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, யாரை எண்ணி என்பதெல்லாம் பகுதியில்தான் இருக்கிறது. செய்தியைக் கேள்வி கேட்பது என்றால் விடுபட்ட அந்தப் பகுதியைத் தேடிப் பிடிப்பது. நிருபர் பொய் சொல்கிறார் என்று சந்தேகப்படுவது வேறு வேலை, அது அடிக்கடி தேவைப்படுவதும் இல்லை.

எத்தனையில் எத்தனை?

ஒரு வாரத்தில் சிலாங்கூரில் 400 சம்பவங்கள், பினாங்கில் 100 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிலாங்கூர் நான்கு மடங்கு மோசம் என்றுதான் முதலில் தோன்றும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிலாங்கூரில் ஏறத்தாழ 70 லட்சம் பேர், பினாங்கில் 17 லட்சத்து 40 ஆயிரம் பேர். வகுத்தால் இரண்டு மாநிலத்திலும் லட்சத்துக்கு 6 பேருக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒரே நிலைதான்.

பணத்துக்கும் இதே வழி. "100 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு" என்றால் கண்கள் விரியும். நாட்டில் 3 கோடியே 40 லட்சம் பேர். தலைக்கு 29 வெள்ளி. ஒதுக்கீடு ஐந்து ஆண்டுக்கு என்றால் ஆண்டுக்கு 6 வெள்ளிகூட இல்லை. அந்தத் தொகை போதுமா போதாதா என்பது அடுத்த பேச்சு, ஆனால் 100 கோடி என்ற சத்தத்தில் மயங்கி நிற்காமல் பேச முடியும்.

பகுதியை மறந்ததால் அதிகக் கேடு விளைந்த இடம் தடுப்பூசிப் பேச்சு. 2021 அக்டோபரில் மலேசியாவில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் கோவிட் தடுப்பூசியை முழுமையாகப் போட்டு முடித்திருந்தார்கள். "மருத்துவமனையில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள்தானே, பிறகு எதற்கு ஊசி?" என்ற கேள்வி நியாயமாகவே ஒலிக்கும். 1,000 பெரியவர்கள் உள்ள ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். கடுமையாக நோயில் விழுந்தவர்கள் 20 பேர், பக்கத்துக்குப் பத்து. பாதிக்குப் பாதி என்பது உண்மைதான். ஆனால் போட்டவர்களில் 900க்கு 10, அதாவது 90 பேரில் ஒருவர். போடாதவர்களில் 100க்கு 10, அதாவது 10 பேரில் ஒருவர். ஒன்பது மடங்கு வித்தியாசம். தாளில் இரண்டு வட்டம் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை எழுதிக் காட்டினால் வீட்டுப் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும். வாயால் சொன்னால் விளங்குவது கடினம்.

"இரு மடங்கு ஆபத்து"

உடல்நலச் செய்திகளில் மிகவும் பயமுறுத்தும் சொல் இது. 1995இல் பிரிட்டனில் ஒரு வகைக் கருத்தடை மாத்திரை இரத்தக்கட்டி அபாயத்தை இரு மடங்கு ஆக்குகிறது என்று அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்தது. முன்பு 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதிய வகை மாத்திரையில் 7,000இல் இருவருக்கு. அதுதான் அந்த இரு மடங்கு. செய்தியில் இரு மடங்கு மட்டும் போனது, 7,000 போகவில்லை. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்பத்தில் இரத்தக்கட்டி வரும் அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் வேதனை. ஓர் எண் விடுபட்டதால் இவ்வளவும்.

ஆகவே "இத்தனை விழுக்காடு கூடும்" என்று எங்கே கண்டாலும், "எதிலிருந்து?" என்று கேளுங்கள். 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்றது. 50 கிராம் என்றால் சுமார் ஒரு சாசேஜ். வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், 18 விழுக்காடு கூடி 5.9 ஆகும். தினமும் சாசேஜ் சாப்பிடும் 100 பேரில் ஏறத்தாழ ஒருவர் கூடுதல். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் சாப்பிட்ட 100 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் என்று படித்தவர்கள் ஏராளம், அது முழுத் தவறு.

அதே அறிவிப்பில் இன்னொரு குழப்பமும் கிளம்பியது. பதப்படுத்திய இறைச்சியும் புகையிலையும் ஒரே பிரிவு, முதல் பிரிவு. அப்படியானால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தா? இல்லை. அந்தப் பிரிவு, புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது. எத்தனை பேருக்கு வரும் என்பதை அது சொல்வதே இல்லை. வெயிலும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது.

அளவு கேட்கப் பழகினால் பாதிப் பயம் தெளியும். 2023 ஜூலையில் அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பு 'புற்றுநோய் தரக்கூடும்' பட்டியலில் சேர்ந்தது. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,400 மில்லிகிராம். ஒரு டின் டயட் பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் இருந்தால், வேறு உணவில் அந்த இனிப்பு இல்லாதபோது, வரம்பைத் தாண்ட நாளுக்கு 8 முதல் 12 டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும்.

விழுக்காடும் விழுக்காட்டுப் புள்ளியும்

2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6இலிருந்து 8 விழுக்காடானது. உணவகச் சாப்பாடு போன்ற சில சேவைகளுக்கு 6 தொடர்ந்தது. இந்த மாற்றத்தை மூன்று விதமாகச் சொல்லலாம். வரி 2 விழுக்காட்டுப் புள்ளி கூடியது, அதாவது 8இலிருந்து 6ஐ நேராகக் கழித்தது. வரித்தொகை 33 விழுக்காடு கூடியது, ஏனென்றால் 100 வெள்ளிக்கு 6 கட்டிய இடத்தில் 8. மொத்தப் பில் 106இலிருந்து 108 ஆகி 1.9 விழுக்காடு கூடியது. மூன்றும் உண்மை. திட்டுபவர் 33ஐ எடுப்பார், தாங்கிப் பேசுபவர் 1.9ஐ எடுப்பார். உங்கள் பணப்பையைத் தொடுவது 100க்கு 2 வெள்ளி. நாளிதழில் "2 விழுக்காடு உயர்வு" என்று வந்தால், அது புள்ளியா விழுக்காடா என்று ஒருமுறை கணக்குப் போட்டுவிடுங்கள். வங்கி வட்டிச் செய்திகளிலும் இதே தடுமாற்றம் வரும்.

பொருளாதாரச் செய்தி: வளர்ச்சி, விலை, வருமானம்

2021இன் இரண்டாம் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி 16.1 விழுக்காடு வளர்ந்தது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! முந்திய ஆண்டு அதே காலாண்டில் உற்பத்தி ஏறத்தாழ 17 விழுக்காடு விழுந்திருந்தது. 100 என்று தொடங்கினால், விழுந்து 83. 83 என்பது 16.1 விழுக்காடு கூடினால் 96 சொச்சம். பழைய 100ஐ இன்னும் தொடவில்லை. விழுக்காட்டில் இறங்கியதும் ஏறியதும் சமம்போலத் தோன்றினாலும் சமமாகாது, ஏனென்றால் ஏறும்போது பகுதி சிறுத்துப்போயிருக்கிறது. 50 விழுக்காடு விழுந்தால் பழைய இடத்துக்கு வர 100 விழுக்காடு ஏற வேண்டும். இதோடு, அந்தக் காலாண்டை அதற்கு முந்திய காலாண்டோடு ஒப்பிட்டால் 2 விழுக்காடு இறக்கம். பேங்க் நெகாரா இரண்டு எண்ணையும் வெளியிட்டது. இரண்டாவதைத் தேடிப் படித்தவர்களுக்குத்தான் கடைகள் ஏன் இன்னும் வெறிச்சோடிக் கிடக்கின்றன என்பது புரிந்திருக்கும்.

அடுத்தது பணவீக்கம். "பணவீக்கம் குறைந்தது" என்றால் விலை குறைந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்குப் போனால் குறையவில்லை, அரசாங்கம் பொய் சொல்கிறது என்ற கோபம் வருகிறது. தே தாரிக் 2 வெள்ளி, அடுத்த ஆண்டு 2.50, அதற்கடுத்த ஆண்டு 2.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு ஏற்றம் 25 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 4. பணவீக்கம் 25இலிருந்து 4க்கு இறங்கிவிட்டது. தே தாரிக்கோ 10 சென் ஏறியிருக்கிறது. பணவீக்கம் வேகத்தை அளக்கிறது. மோட்டார் வண்டி மெதுவாகப் போனாலும் முன்னால்தானே போகிறது. விலை உண்மையிலேயே இறங்க, பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும்.

அந்தக் கோபத்துக்கு இன்னொரு நியாயமான காரணம் உண்டு. புள்ளிவிவரத் துறையின் பயனீட்டாளர் விலைக் குறியீடு ஒரு பொதுவான கூடை. அதில் உணவுக்கும் பானங்களுக்கும் ஏறத்தாழ 30 விழுக்காடு எடை. 2022இல் மொத்தப் பணவீக்கம் 3.3 விழுக்காடு, உணவுப் பணவீக்கம் 5.8. உங்கள் செலவில் 60 விழுக்காடு சாப்பாட்டுக்கே போகிறது என்றால் உங்கள் வீட்டுப் பணவீக்கம் எவ்வளவு? முதலில் உணவு அல்லாதவற்றின் ஏற்றத்தைக் கண்டுபிடியுங்கள். 5.8இல் 30 விழுக்காடு 1.74. 3.3இலிருந்து கழித்தால் 1.56, அதை 0.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.2. இப்போது உங்கள் எடையைப் போடுங்கள்: 5.8இல் 60 விழுக்காடு 3.48, 2.2இல் 40 விழுக்காடு 0.88. கூட்டினால் சுமார் 4.4. அறிவிப்பு 3.3, அடுப்படி 4.4. அறிவிப்பு தவறில்லை, அது சராசரிக் கூடை. குறைந்த வருமானக் குடும்பத்தின் கூடையில் அரிசியும் கோழியும் முட்டையும் அதிக இடம் பிடிக்கின்றன, அவ்வளவுதான். ஒரு மாத ரசீதுகளைச் சேர்த்து வைத்து உணவுக்கு எத்தனை விழுக்காடு போகிறது என்று பார்த்தால், இந்தக் கணக்கை உங்கள் சொந்த எண்ணிலேயே போடலாம்.

சராசரி என்ற சொல்லிலும் நிதானம் வேண்டும். ஐந்து குடும்பங்களின் மாத வருமானம் 3,000, 4,000, 5,000, 6,000, 32,000. சராசரி 10,000. ஐந்தில் நான்கு குடும்பங்கள் அதன் பக்கத்திலேயே இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 5,000, இதுதான் இடைநிலை. மலேசியக் குடும்பங்களின் மாத வருமானம் 2022இல் சராசரியாக 8,479 ரிங்கிட், இடைநிலையாக 6,338. நாட்டில் பாதிக் குடும்பங்கள் 6,338க்குக் கீழே. இது ஒரு குடும்பத்தில் சம்பாதிக்கும் எல்லாருடைய வருமானமும் சேர்ந்தது. ஆள் சம்பளம் என்று படித்துவிட்டு, நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று மனம் நோக வேண்டாம்.

வேலையின்மை விகிதம் சிறியதாக இருப்பதற்கும் வரையறையைப் பாருங்கள். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர் வேலையில் இருப்பவர். வேலை தேடாத இல்லத்தரசி கணக்கிலேயே வரமாட்டார். பகுதிநேரமாக மோட்டாரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பட்டதாரி வேலையில்லாதவர் அல்லர். இது பன்னாட்டு வரையறை, யாரும் மறைத்து வைக்கவில்லை. வாரத்துக்கு 30 மணிக்குக் குறைவாக வேலை செய்து, கூடுதல் வேலைக்குத் தயாராக இருப்போருக்குக் குறைவேலை என்று தனிக் கணக்கு இருக்கிறது. அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலீட்டுச் செய்தியில் கவனிக்க வேண்டிய சொல் 'அங்கீகரிக்கப்பட்ட'. 2023இல் அங்கீகரிக்கப்பட்டது 329.5 பில்லியன் ரிங்கிட். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை எழும்பி ஆள் எடுப்பது பின்னால் வரும் ஆண்டுகளில்.

யாரிடம் சோதித்தார்கள்?

இனிப்பு நீர் நோய் இல்லாத தமிழ்க் குடும்பம் இங்கே அரிது. புலனக் குழுவில் வாரம் ஒரு சாறு, ஒரு இலை, ஒரு விதை. நம்பிக்கையோடு பகிர்கிறார்கள், அக்கறையில்தான் பகிர்கிறார்கள். பாகற்காயை எடுத்துக்கொள்வோம். எலியிடமும் கண்ணாடிக் குழாயிலும் செய்த சோதனைகளில் சர்க்கரை குறைந்தது என்று எழுத ஏராளம் உண்டு. மனிதர்களிடம்? மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்புக்காக 2012இல் மலேசிய ஆய்வாளர்கள் எழுதிய மீளாய்வு, முறையான சோதனைகளைத் தேடித் திரட்டியபோது கிடைத்தவை 4, மொத்தம் 479 பேர், மூன்று மாதம் வரைதான். மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. பாகற்காயைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவதில் குறை ஒன்றுமில்லை. அதை நம்பி, மருத்துவர் கொடுத்த மெட்ஃபோர்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்துவதில்தான் ஆபத்து.

மருத்துவச் செய்தியில் முதலில் தேட வேண்டியது இதுதான்: சோதனை உயிரணுவிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர், எவ்வளவு காலம்? அடுத்தது, சீட்டுப் போட்டதுபோல் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்களா, அல்லது தாங்களாக எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து எழுதினார்களா? இந்த இரண்டாவது கேள்வியின் எடை 2002இல் தெரிந்தது. மாதவிடாய் நின்ற பெண்கள் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள், எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்ததால். ஆனால் அந்த மாத்திரையை நாடியவர்கள் பெரும்பாலும் வசதியும் உடற்பயிற்சியும் உள்ளவர்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சீட்டு முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையில் இதய நோய் ஆண்டுக்கு 10,000 பேரில் 30இலிருந்து 37 ஆனது, மார்பகப் புற்றுநோய் 30இலிருந்து 38. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த எண்களை "26 விழுக்காடு கூடுதல் புற்றுநோய்" என்று மட்டும் எழுதிய இடங்களில் மறுபடியும் 10,000 காணாமல் போனது.

நோயாளி எண்ணிக்கை கூடினால் நோய் கூடியது என்றும் ஆகாது. 2023 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். அதில் 9.7 விழுக்காடு தெரிந்தவர்கள், 5.9 விழுக்காடு தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்கள். நாளைக்கே செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் இலவசப் பரிசோதனை முகாம் வைத்தால் கிளினிக்கில் பதிவு எகிறும். யாருக்கும் புதிதாக நோய் வந்திருக்காது. இதுவரை மறைந்திருந்தவர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள், அது நல்ல செய்தி.

இந்தக் கேள்விகளைப் பழகியவர்களிடம் வரும் ஒரு கோளாறையும் சொல்லியாக வேண்டும். பிடிக்காத செய்தியை மட்டும் சல்லடை போட்டுச் சலிப்பார்கள். பிடித்த செய்தி சல்லடையைத் தொடாமலே உள்ளே போய்விடும். எதிர்க்கட்சி சொன்ன எண்ணுக்குக் கேட்ட கேள்வியை நம் கட்சி சொன்னதற்கும் கேட்க வேண்டும், மருந்து நிறுவனத்துக்குக் கேட்டதை மூலிகைக் கடைக்கும் கேட்க வேண்டும். "எல்லாம் பொய்" என்று கையை விரிப்பதும் கேள்வி கேட்காமல் இருப்பதுதான்.

பாட்டில் கையில் இருந்தால்

எண்ணில் தேடிய அதே பகுதியைப் பாட்டிலிலும் தேடலாம். சட்டப்படி பதிவான மருந்து, சத்து மாத்திரை, பாரம்பரிய மருந்து எல்லாவற்றிலும் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் அதற்குப் பின் எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கும். இலக்கங்களை அடுத்து வரும் முதல் எழுத்து 'டி' (T) என்றால் பாரம்பரியத் தயாரிப்பு, 'என்' (N) என்றால் சத்துப்பொருள். 'டி' உள்ளதைப் பதிவு செய்யும்போது பாதுகாப்பையும் தரத்தையும் பார்க்கிறார்கள். நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபணம் ஆகிவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. விற்பவர் "அரசாங்கமே அங்கீகரித்தது" என்று சொல்லும்போது மறைவது இந்த வேறுபாடுதான்.

எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத் தேடலில் தட்டுங்கள். எண் வந்தால் மட்டும் போதாது. திரையில் வரும் பெயரும் நிறுவனமும் பாட்டிலில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், வேறொரு பொருளின் எண்ணைத் திருடி ஒட்டுவது உண்டு. விளம்பரத்தையும் பாருங்கள். 1956ஆம் ஆண்டு மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டம், இனிப்பு நீர், உயர் இரத்த அழுத்தம், புற்றுநோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. ஆகவே "இனிப்பு நீர் முற்றிலும் குணம்" என்ற பதாகையைப் பார்த்த உடனே, பொருள் நல்லதா கெட்டதா என்று தெரிவதற்கு முன்பே, விற்பவர் சட்டத்தை மீறுகிறார் என்பது தெரிந்துவிடும்.

மூட்டு வலிக்கு வாங்கிய கஷாயம் இரண்டே நாளில் அதிசயமாக வேலை செய்தால் கூடுதல் கவனம் வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு கலந்த 'பாரம்பரிய' மருந்துகள் இங்கே பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அது வலியைச் சட்டென்று அடக்கும், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வாரக்கணக்கில் குடித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினாலும் உடம்பு தள்ளாடும். ஆகவே எண் தேடலில் வராத பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பாட்டில், ரசீது, எத்தனை நாள் எவ்வளவு குடித்தது என்ற குறிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் காட்டுங்கள். சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கவும் அதே பாட்டிலும் ரசீதும்தான் வேண்டும்.